ஸ்டட்டுக்குக் கால்லதான் உயிர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல காம்போசிட் பீம் பத்தி எழுதினேன், அதாவது கீழ ஸ்டீல் ஐ-பீம், மேல கான்கிரீட் ஸ்லாப், ரெண்டும் ஒரே உறுப்பா சேந்து வளையுற விஷயம். அதுல ஷியர் ஸ்டட்டை, அதாவது ஸ்லாப் வழுக்காம இருக்க பீம் மேல வெல்டு பண்ணி கான்கிரீட்டுக்குள்ள புதைக்குற தலை வெச்ச இரும்பு முளையை, மட்டும் ஒரே ஒரு பாராவுல தாண்டிப் போயிட்டேன், தப்புதான். வந்த கேள்வியில பாதிக்கு மேல அதைப் பத்தியே இருக்கு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து இங்க பதில் சொல்லிடுறேன்.

ஸ்லாப் தன்னோட வெயிட்லயே பீம் மேல அழுத்திட்டுதான் உக்காந்திருக்கு. கான்கிரீட்டும் இரும்புல நல்லா ஒட்டிக்கும். அப்புறம் எதுக்கு சார் இத்தனை ஸ்டட்? (கடைசி வருஷ சிவில் மாணவர்)

தம்பி, கைக்கு எட்டுற தூரத்துல தடியா ஒரு புத்தகம் இருந்தா எடுத்து வளைச்சுப் பாருங்க. ஓரத்துல பக்கமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி சரிவா நிக்கும். அந்த வழுக்கல்தான் நம்ம வில்லன், இன்ஜினியரிங்ல ஸ்லிப்னு சொல்றோம்.

ஒரே அளவுல ரெண்டு பலகையை ஒண்ணு மேல ஒண்ணு சும்மா வெச்சு நடுவுல லோடு கொடுத்தா, ரெண்டும் தனித்தனியா வளையும். மேல் பலகையோட அடிப்பக்கம் இழுபட்டு நீளுது, கீழ் பலகையோட மேல்பக்கம் அமுங்கி குறுகுது, அதனால ரெண்டும் தொடுற இடத்துல முனையில ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகுது. அதே ரெண்டு பலகையை வழுக்கவே முடியாதபடி ஒட்டிட்டா விறைப்பு 4 மடங்கு, தாங்குற பலம் 2 மடங்கு. பலகை அதேதான், ஒரு கிராம் கூட சேக்கல, வழுக்கலை நிறுத்தினதுக்கு மட்டும் கிடைச்ச லாபம் இது. காம்போசிட் பீம்ல மேல இருக்கறது கான்கிரீட், கீழ இருக்கறது ஸ்டீல்ங்கறதால கணக்கு கொஞ்சம் மாறும், ஆனா சங்கதி இதேதான்.

சரி, ஒட்டுதலும் உராய்வும் போதாதான்னு கேட்டா, முதல் நாள் இருக்கும். கான்கிரீட் காயும்போது சுருங்குது, இரும்பு சுருங்காது, அங்கேயே ஒட்டுதலுக்கு அடி விழுது. அப்புறம் ஆளுங்க நடமாட்டம், மெஷின் அதிர்வு, வண்டி ஓட்டம், வெயில் குளிர்ல நீண்டு சுருங்குறது. ஐ-பீமோட மேல் ஃபிளாஞ்ச் வழவழன்னு இருக்குற ஒரு தட்டை, கம்பியில இருக்குற மாதிரி வரிகூட அதுல கிடையாது. மில்லிமீட்டர்ல ஒரு சின்ன பங்கு நகந்தாலே ஒட்டு விட்டுப்போயிடும், விட்டா திரும்ப ஒட்டாது. அதனால டிசைன்ல யாரும் அதை நம்பி கணக்கு போடுறதில்ல. இன்னொண்ணு, ஸ்லாப் வழுக்குறது மட்டும் இல்ல, பீமை விட்டு மேல எழும்பவும் பாக்கும். அது அடுத்த கேள்விக்கு வருது.

ஸ்டட்டுக்குத் தலை எதுக்கு? வெறும் கம்பித் துண்டை வெட்டி வெல்டு பண்ணினா ஆகாதா? எங்க சைட்ல ஒருத்தர் அப்படித்தான் சொல்றார். (சைட் இன்ஜினியர்)

தலை இருக்கறது ஸ்லாப் எழும்பாம பிடிச்சு வைக்க. வளையும்போது ஸ்டீலுக்கும் கான்கிரீட்டுக்கும் தனித்தனி ஆசை, ரெண்டும் ஒரே மாதிரி வளைய ஒத்துக்காது, அதோட ஸ்டட் சாயும்போது அதைச் சுத்தி இருக்குற கான்கிரீட்டையும் மேல தள்ளும். தலை இல்லாத மொட்டைக் கம்பின்னா கான்கிரீட் அதுல இருந்து உருவிட்டு மேல வந்துடும். காம்போசிட் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதி, யூரோகோட் 4, என்ன சொல்லுதுன்னா தலையோட விட்டம் தண்டு விட்டத்துல 1.5 மடங்காவது இருக்கணும், தலையோட தடிமன் 0.4 மடங்காவது இருக்கணும். 19 மிமீ ஸ்டட்டுன்னா 28.5 மிமீக்குக் குறையாத தலை.

ஆனா எல்லாரும் தலையையே பாக்குறாங்க, நிஜமான வேலை நடக்குறது கால்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. லோடு ஏற ஆரம்பிச்சதும் ஸ்டட்டோட அடியில இருக்குற வெல்டு காலர், அதான் சுத்தி மோதிரம் மாதிரி உருகி நிக்குதே, அதுதான் முதல்ல கான்கிரீட்டை எதிர்த்து நிக்குது. லோடு கூட கூட காலர் முன்னாடி இருக்குற கொஞ்சூண்டு கான்கிரீட் நொறுங்கித் தூளாகுது, அந்த நேரத்துல விசை தண்டுக்கு மாறி தண்டு வளைய ஆரம்பிக்குது, கால் ஃபிளாஞ்சுல பிடிச்சிருக்கு, தலை மேல கெட்டியான கான்கிரீட்டுக்குள்ள பிடிச்சிருக்கு, நடுவுல எஸ் மாதிரி வளையுது. வளைஞ்சதும் தண்டுல இழுவிசையும் வருது, தலை கான்கிரீட்டைக் கீழ நோக்கி அமுக்குது, அந்த அமுக்கத்தால ஃபிளாஞ்சுக்கும் ஸ்லாப்புக்கும் நடுவுல உராய்வு வேற கூடுது. கடைசியில காலருக்குச் சரியா மேல தண்டு அறுந்துபோகும், இல்ல கான்கிரீட் நொறுங்கிப்போகும், எது முதல்ல வருதோ அது.

இப்ப கம்பித் துண்டுக் கதைக்கு வருவோம். கையால எலக்ட்ரோட் வெச்சு சுத்தி வெல்டு பண்ணின கம்பியில அந்தக் காலர் சீரா வராது, வெல்டு ஒரு பக்கம் தடிப்பா ஒரு பக்கம் மெலிசா இருக்கும், கம்பியோட ஸ்டீல் வெல்டிங்குக்கு ஏத்ததான்னும் பாக்கணும், தலையும் இல்ல. கோட்ல, அதாவது விதிப் புத்தகத்துல, இருக்குற ஸ்டட் பலம் எல்லாம் சரியா வெல்டான தலை வெச்ச ஸ்டட்டை வெச்சு டெஸ்ட் பண்ணி வந்தது. அந்த நம்பரை எடுத்து கம்பித் துண்டுக்குப் போடுறது எனக்கு ஏத்துக்க முடியாத விஷயம். ஸ்டட் கன் கிடைக்காத இடம்னா சேனல் (ப வடிவ இரும்பு) துண்டை வெட்டி ஃபில்லெட் வெல்டு பண்ணலாம், அதுக்குன்னு தனியா ஃபார்முலா உண்டு. அதை விட்டுட்டு மொட்டைக் கம்பி வேணாம்.

சப்போர்ட் பக்கம்தானே ஷியர் அதிகம், நடுவுல ஜீரோ. ஆனா டிராயிங்ல ஸ்டட் எல்லாம் ஒரே இடைவெளியில இருக்கே, டிராஃப்ட்ஸ்மேன் சோம்பேறித்தனமா? (டிசைன் ஆபீஸ்ல புதுசா சேந்தவர்)

நல்ல கேள்வி, டிராஃப்ட்ஸ்மேன் மேல பழி வேணாம். எலாஸ்டிக்கா, அதாவது லோடை எடுத்தா எல்லாம் பழையபடி திரும்புற அளவுக்குள்ள, யோசிச்சா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, முனையில இருக்குற ஸ்டட்டுக்குத்தான் அதிக விசை வரும், அங்கதான் வழுக்கலும் அதிகம். ஆனா ஸ்டட் கண்ணாடி மாதிரி டக்குனு உடையுற சாமான் இல்ல. தன்னால முடிஞ்ச அளவு விசை வந்ததும் அதே விசையைப் பிடிச்சுக்கிட்டே வளைஞ்சு கொடுக்கும். முனை ஸ்டட் அப்படி விட்டுக்கொடுத்ததும் மிச்ச விசை அடுத்த ஸ்டட்டுக்குப் போகுது, அது நிறைஞ்சதும் அதுக்கடுத்தது, இப்படியே பந்தி பரிமாற மாதிரி நடு வரைக்கும் போய்ச் சேரும். கடைசியில எல்லா ஸ்டட்டும் கிட்டத்தட்ட ஒரே விசையைச் சுமந்துட்டு நிக்கும். அப்ப இடைவெளியும் ஒண்ணா இருந்தா போதும்ல.

இதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஸ்டட் அந்த அளவு வளைஞ்சு கொடுக்கணும். யூரோகோட் 4 படி 6 மிமீ வழுக்கலைத் தாங்குற கனெக்டரைத்தான் டக்டைல்னு சொல்லலாம். தண்டு விட்டம் 16லேருந்து 25 மிமீக்குள்ள, உயரம் விட்டத்துல 4 மடங்குக்குக் குறையாம இருந்தா தலை வெச்ச ஸ்டட்டை டக்டைல்னு எடுத்துக்கலாம். குட்டையா தடியா இருக்குற ஸ்டட் வளையாது, கான்கிரீட்டைப் பேத்துட்டு வந்துடும். அதே மாதிரி நடுவுல பெரிய பாயிண்ட் லோடு ஏதாவது உக்காந்திருந்தா மொத்த நீளத்துக்கும் ஒரே இடைவெளின்னு கண்ணை மூடிட்டுப் போட்டுடக்கூடாது, அந்த இடத்துல தனியா செக் பண்ணணும்.

ஆனா பாலத்துல இந்தப் பாச்சா பலிக்காது. அங்க வண்டி போய்க்கிட்டே இருக்கு, லட்சக்கணக்கான தடவை ஸ்டட்டோட கால் இப்படியும் அப்படியும் இழுபடுது, அதனால விசை எங்க அதிகமோ அங்க ஸ்டட் நெருக்கமா வரணும், எலாஸ்டிக் கணக்குதான். யூரோகோட்ல ஸ்டட்டோட ஃபெட்டீக், அதாவது திரும்பத் திரும்ப இழுபட்டு களைச்சுப்போறது, அதுக்கான வரைகோடு 20 லட்சம் சுற்றுக்கு 90 மெகாபாஸ்கல் ஷியர் வித்தியாசம்னு இருக்கு, அதோட சரிவு 8. சரிவு 8னா என்ன அர்த்தம் தெரியுமா, ஸ்டட்ல வர்ற அழுத்த வித்தியாசம் 2 மடங்கு ஆச்சுன்னா ஆயுசு 2 மடங்கு குறையாது, 256 மடங்கு குறையும். பால டிராயிங்ல முனைக்குப் போகப் போக ஸ்டட் நெருங்கி வர்றதைப் பாத்தா இனிமே காரணம் புரியும்.

ஒரு பீமுக்கு எத்தனை ஸ்டட்னு எப்படி கணக்கு போடுறது? சாஃப்ட்வேர் ஒரு நம்பர் கொடுக்குது, அது எங்கிருந்து வருதுன்னு தெரியல. அதோட ஒரு கான்ட்ராக்டர் 40 சதவீதம் போட்டா போதும்னு சொல்றார், ஏமாத்துறாரா? (ரெண்டு பேர் தனித்தனியா கேட்டது)

சாஃப்ட்வேரை மூடி வெச்சுட்டு ஒரு பேப்பர் எடுங்க. 10 மீட்டர் ஸ்பான், ரெண்டு முனையிலயும் சும்மா உக்காந்திருக்குற பீம், 120 மிமீ கெட்டி ஸ்லாப், பக்கத்து பீம் எல்லாம் தள்ளி இருக்குன்னு வெச்சுக்குங்க. பீமோட கூட சேந்து வேலை செய்யுற ஸ்லாப் அகலம் ஸ்பான்ல நாலுல ஒரு பங்கு, 2.5 மீட்டர். ஸ்டீல் பரப்பு 6000 சதுர மிமீ, யீல்டு, அதாவது ஸ்டீல் திரும்பாம நீள ஆரம்பிக்குற அழுத்தம், 355 மெகாபாஸ்கல். கான்கிரீட் 25 மெகாபாஸ்கல்.

ஸ்டீல் மொத்தமும் யீல்டு ஆனா 6000 × 355 = 2130 கிலோநியூட்டன். ஸ்லாப் மொத்தமும் அமுங்கினா 0.85 × 25 ÷ 1.5 × 2500 × 120, அது 4250. இதுல எது சின்னதோ அதுக்கு மேல ரெண்டுக்கும் நடுவுல விசை மாற வழியே இல்ல, ஆக 2130. இந்த 2130ம் பீமோட நடுவுல ஸ்லாப்புக்குள்ள இருக்கு. அது அங்க எப்படி வந்துச்சு? ஆகாசத்துல இருந்து குதிக்கல, முனைக்கும் நடுவுக்கும் இடையில இருக்குற ஸ்டட் வழியாத்தான் ஏறி வந்தாகணும். இந்த ஒரு வரி மண்டைக்குள்ள போயிட்டா மிச்சம் வெறும் வகுத்தல்தான்.

இப்ப ஒரு ஸ்டட்டோட பலம். 19 மிமீ ஸ்டட், ஸ்டீல் 450 மெகாபாஸ்கல், உயரம் விட்டத்துல 4 மடங்குக்கு மேல. ரெண்டு கணக்கு இருக்கு. தண்டு அறுந்துபோற கணக்கு: 0.8 × 450 × 283.5 (தண்டோட பரப்பு) ÷ 1.25, அது 81.6 கிலோநியூட்டன். கான்கிரீட் நொறுங்குற கணக்கு: 0.29 × 19 × 19 × (25ஐ கான்கிரீட்டோட விறைப்பு 31000ஆல பெருக்கி அதோட ஸ்கொயர் ரூட்) ÷ 1.25, அது 73.7. சின்னது 73.7, அதான் ஸ்டட்டோட பலம். 2130 ÷ 73.7 = 28.9, ஆக பாதி பீமுக்கு 29, முழு பீமுக்கு 58. 5 மீட்டர்ல 29னா இடைவெளி 172 மிமீ வருது. யூரோகோட் படி நீளவாக்குல 5 மடங்கு விட்டம், அதாவது 95 மிமீக்குக் குறையக்கூடாது, ஸ்லாப் தடிமன்ல 6 மடங்கு இல்ல 800 மிமீ, எது குறைவோ அதுக்கு மேல போகவும் கூடாது. சரியா இருக்கு.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. கான்கிரீட்டை 30 ஆக்கினா கான்கிரீட் கணக்கு 83க்கு ஏறிடும், அப்ப தண்டு கணக்கு 81.6 தான் முன்னாடி நிக்கும், பாதிக்கு 27 ஸ்டட் போதும். கான்கிரீட்டை 40 ஆக்கினா? அப்பவும் 27தான். அறுந்துபோறது தண்டு, அதுக்குக் கான்கிரீட் எவ்ளோ கெட்டின்னு கவலை இல்ல. கான்கிரீட் கிரேடை ஏத்தி ஸ்டட் எண்ணிக்கையைக் குறைச்சுடலாம்னு நினைக்கிறவங்க இந்த இடத்துல மாட்டிக்கிறாங்க.

அடுத்தது அந்த 40 சதவீதம். அது ஏமாத்து இல்ல, முழு எண்ணிக்கைக்குக் குறைவா ஸ்டட் போடுறது பார்ஷியல் ஷியர் கனெக்‌ஷன்னு கோட்லயே இருக்கு, ஆனா எல்லா பீமுக்கும் 40 இல்ல. ஸ்டட்டைக் குறைச்சா வழுக்கல் கூடும், ஸ்பான் நீளமானா முனையில வழுக்கல் இன்னும் கூடும், அது 6 மிமீயைத் தாண்டினா முனை ஸ்டட் அறுந்துடும். அதனால ஸ்பானுக்குத் தகுந்த மாதிரி குறைஞ்சபட்சம் ஏறிக்கிட்டே போகும். மேல் கீழ் ஃபிளாஞ்ச் சமமா இருக்குற 355 ஸ்டீல் பீம்னா 5 மீட்டருக்கு 40 சதவீதம், 10 மீட்டருக்கு 55, 25 மீட்டர் வந்தா முழு 100. நம்ம உதாரணத்துல 55 சதவீதம்னா பாதிக்கு 16 ஸ்டட், மொத்தம் 32. 58 எங்க 32 எங்க! பலம் அந்த அளவு குறையுமான்னா குறையாது. வெறும் ஸ்டீல் பீமோட பலம் 100, முழு கனெக்‌ஷன்ல 200னு வெச்சுக்கிட்டா, 55 சதவீதத்துல நேர்கோடு போட்டே 155 கிடைக்கும், நிஜ வளைகோடு நேர்கோட்டுக்கு மேலதான் போகும். பல ஆபீஸ் கட்டடத்துல பீமோட அளவை முடிவு பண்றது தொய்வுங்கற டிஃப்ளெக்‌ஷனும், கான்கிரீட் ஈரமா இருக்கும்போது வெறும் ஸ்டீல் தனியா தாங்குற லோடும்தான், அங்கெல்லாம் முழு ஸ்டட் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா வழுக்கல் கூடினா தொய்வும் கூடும், அதை செக் பண்ண மறந்துடக்கூடாது. கான்ட்ராக்டர் கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: எந்த ஸ்பானுக்கு 40?

வெல்டு சரியா ஆச்சான்னு சைட்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது? அல்ட்ராசோனிக் எல்லாம் எங்களுக்கு வசதி இல்ல. (குவாலிட்டி இன்ஸ்பெக்டர்)

ஒரு சுத்தியல் இருந்தா போதும், நிஜமாத்தான் சொல்றேன்.

முதல்ல கண்ணால பாருங்க, காலடியில. ஸ்டட் வெல்டிங்ல கன் ஸ்டட்டைக் கொஞ்சம் தூக்கி ஆர்க் அடிக்குது, நுனியும் ஃபிளாஞ்சும் உருகுது, ஒரு செகண்டுக்குள்ள ஸ்டட்டை அந்த உருகின குட்டைக்குள்ள அமுக்கிடுது, சுத்தி இருக்குற பீங்கான் வளையம், ஃபெரூல், உருகினது ஓடிடாம பிடிச்சு காலர் ஆக்குது. ஃபெரூலைத் தட்டி உடைச்சுட்டுப் பாத்தா காலர் 360 டிகிரியும் முழுசா, பளபளப்பா இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் விடுபட்டிருந்தா கன் சாஞ்சிருக்கு, இல்ல ஆர்க் ஒரு பக்கமா இழுத்திருக்கு. அப்புறம் உயரத்தை அளந்து பாருங்க. 19 மிமீ ஸ்டட் வெல்டாகும்போது 5 மிமீ அளவு கரைஞ்சு குட்டையாகணும், 100 மிமீ ஸ்டட் 95 கிட்ட நிக்கணும். 100ஆவே நின்னா உள்ள உருகவே இல்லன்னு அர்த்தம், சும்மா ஒட்டிட்டு நிக்குது. டெக் ஷீட்டுக்கு, அதாவது ஸ்லாப்புக்கு அடியில விரிக்குற மேடு பள்ளமான இரும்புத் தகடுக்கு, மேல இருந்து ஷீட்டைத் துளைச்சு அடிக்கிறதா இருந்தா இன்னும் கொஞ்சம் கூடுதலா கரையும்.

அடுத்தது சுத்தியலால லேசா தட்டுங்க. நல்ல ஸ்டட் கணீர்னு பாடும், கெட்டது டொக்குனு சொல்லும். காது பழகிட்டா ஒரு வரிசையை நடந்துகிட்டே செக் பண்ணிடலாம்.

கடைசியா வளைச்சுப் பாக்குற டெஸ்ட். அமெரிக்காவோட ஏடபிள்யூஎஸ் டி1.1ங்கற வெல்டிங் விதிப்படி ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்துலயும், செட்டிங் மாத்தும்போதும் முதல் 2 ஸ்டட்டை சுத்தியலால அடிச்சோ பைப் மாட்டியோ 30 டிகிரி வளைக்கணும், வெல்டுல விரிசல் விழுந்தா செட்டிங் தப்பு, சரி பண்ணிட்டுதான் மேல போகணும். காலர் முழுசா இல்லாத ஸ்டட்டை, விடுபட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா 15 டிகிரி வளைச்சுப் பாக்கணும், அப்பதான் விடுபட்ட பக்கத்துல இழுவிசை வந்து குறை இருந்தா வாயைத் திறக்கும். தாங்கிட்டா வளைஞ்சபடியே விட்டுடலாம், அழகுக்காக நிமித்த வேணாம். கோணலா இருக்கேன்னு ஓனர் முகம் சுளிப்பார், கான்கிரீட் மூடினதும் மறந்துடுவார்.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். ஒரு சைட்ல காலையில போய் முதல் ஸ்டட்டைத் தட்டினேன், பறந்து போய் விழுந்துச்சு. அடுத்தது, அதுக்கடுத்தது, வரிசையா ஏழு. ஆபரேட்டர் மேல எல்லாரும் பாய்ஞ்சாங்க, பாவம் அந்த ஆள் அழாத குறை. ஸ்டட் விழுந்த இடத்தைக் குனிஞ்சு பாத்தா ஃபிளாஞ்ச்ல பிரைமர், ஃபேக்டரியில மேல்பக்கத்தை மறைக்காம மொத்த பீமுக்கும் அடிச்சு அனுப்பிட்டாங்க. பெயின்ட், துரு, எண்ணெய், ஈரம், இதுல எது ஃபிளாஞ்ச்ல இருந்தாலும் ஆர்க் கெட்டுப்போகும். அதுலயும் மழை பேஞ்ச மறுநாள் டெக் ஷீட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவுல ஒளிஞ்சுகிட்டு இருக்குற தண்ணி ரொம்ப மோசம், மேல காஞ்ச மாதிரியே இருக்கும், ஆர்க் அடிச்சதும் ஆவியாகி வெல்டு முழுக்க ஓட்டை. ஃபெரூல் பெட்டியையும் நனைய விடாதீங்க.

ஃபிளாஞ்ச் தடிமனையும் ஒரு தடவை பாத்துடுங்க. நேரா வெப் (ஐ-பீமோட நிக்குற நடுத் தட்டு) மேல இல்லாத ஸ்டட்டோட விட்டம் ஃபிளாஞ்ச் தடிமன்ல 2.5 மடங்குக்கு மேல போகக்கூடாது, 19 மிமீ ஸ்டட்டுக்கு 7.6 மிமீயாவது தட்டு வேணும். மெலிசா இருந்தா ஸ்டட் நல்லா இருக்கும், தட்டு பிஞ்சு வந்துடும்.

ஸ்டட்டுக்கு துரு பிடிக்காம பெயின்ட் அடிக்கணுமா? (பெயர் சொல்ல விரும்பாத வாசகி)

வேணாம். கான்கிரீட்டுக்குள்ள இருக்குற காரத்தன்மையே அதைக் காப்பாத்தும், கம்பியைக் காப்பாத்துற மாதிரி. லேசான மேல்துரு இருந்தா பரவால்ல, உதிர்ற துருன்னா தேய்ச்சு எடுத்துடுங்க.

டெக் ஷீட் பள்ளத்துல ஸ்டட்டை நடுவுல அடிக்க முடியல, நடுவுல ஒரு மேடு ஓடுது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, எங்க அடிச்சாலும் ஒண்ணுதானே? (ஃபோர்மேன்)

ஒண்ணு இல்லண்ணே, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

வளையும்போது ஸ்லாப், ஸ்டீலை ஒப்பிட்டா முனைப் பக்கம் நகரப் பாக்குது. ஸ்டட் அதைப் போகாதேன்னு தடுக்குது. அப்ப ஸ்டட்டோட காலடியில கான்கிரீட் அமுங்குறது பீமோட நடுப்பக்கம் இருக்குற முகத்துல. அந்தப் பக்கம் கான்கிரீட் நிறைய இருக்கணும். அதனால ஒவ்வொரு பள்ளத்துலயும் ஸ்டட்டை சப்போர்ட் பக்கமா ஒதுக்கி அடிச்சா அது பலமான இடம், நடுப்பக்கமா ஒதுக்கி அடிச்சா பலவீனமான இடம், ஸ்டட்டுக்கும் ஷீட்டோட சரிவுச் சுவருக்கும் நடுவுல ஒரு கைப்பிடி கான்கிரீட்தான் இருக்கும், அது பிதுங்கி ஷீட்டையே வெளிய தள்ளிட்டு வந்துடும். அமெரிக்காவோட ஸ்டீல் கட்டுமான விதியான ஏஐஎஸ்சியில பலமான இடத்துக்கு 0.75, பலவீனமான இடத்துக்கு 0.6னு பெருக்குறாங்க, அதாவது பக்கம் மாத்தி அடிச்சா அஞ்சுல ஒரு பங்கு போச்சு. பீமோட பாதியில நின்னு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்குங்க, அந்தக் கோட்டுக்கு இடதுபக்க பள்ளத்துல எல்லாம் இடது ஓரம், வலதுபக்க பள்ளத்துல எல்லாம் வலது ஓரம். பசங்களுக்கு இப்படிச் சொன்னா மறக்க மாட்டாங்க.

ஒரு பள்ளத்துல ஒண்ணுக்கு மேல அடிச்சாலும் ஒவ்வொண்ணோட பலமும் குறையும், ரெண்டு ஸ்டட்டுன்னா ரெண்டு மடங்குன்னு எண்ண வேணாம். அப்புறம் வெல்டு ஆனபிறகு ஸ்டட், ஷீட்டோட மேல் மட்டத்தை விட விட்டத்துல 2 மடங்கு நீட்டிட்டு இருக்கணும், 19க்கு 38 மிமீ. கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டரை அந்தப் பள்ளத்துக்குள்ள இறக்கச் சொல்லுங்க. ஸ்லாப் மேல எவ்ளோ நல்ல கான்கிரீட் போட்டாலும் ஸ்டட் காலடியில தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்தா அந்த ஸ்டட் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஸ்டட்டைச் சுத்தி குறுக்குக் கம்பி டிராயிங்ல இருந்தா அதையும் விடாம கட்டுங்க, ஸ்டட் வரிசை ஸ்லாப்பை நீளவாக்குல ஆப்பு மாதிரி பிளக்கப் பாக்கும், அதைத் தடுக்குறது அந்தக் கம்பிதான்.

இந்த ஸ்டட்டை யார் கண்டுபிடிச்சது? (பள்ளி மாணவர்)

கட்டடத்துக்குன்னு வந்தது இல்ல தம்பி, கப்பலுக்கு வந்தது. அமெரிக்காவுல மேர் ஐலண்ட்ங்கற கடற்படைக் கப்பல் தளத்துல வேலை பாத்த டெட் நெல்சன், இரும்புத் தளத்து மேல மரப்பலகையைப் பொருத்த ஸ்டட்டை துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால வெல்டு பண்ற முறையைக் கொண்டு வந்தார், 2ஆம் உலகப்போர் சமயத்துல அது கப்பல் கட்டுற வேலையை ரொம்ப வேகமாக்குச்சு. இன்னைக்கும் பல பேர் ஸ்டட்டை நெல்சன் ஸ்டட்னுதான் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி பாலத்துல சேனல் துண்டு, ஸ்பிரிங் மாதிரி சுத்தின கம்பி எல்லாம் வெச்சு வெல்டு பண்ணிட்டு இருந்தாங்க. 1951ல நியூமார்க், சைஸ், வீஸ்ட் மூணு பேரும் வழுக்கலோட சேத்து காம்போசிட் பீமைக் கணக்கு போடுற வழியை எழுதினாங்க, 1956ல அதே வீஸ்ட் ஸ்டட்டை வெச்சு பண்ணின டெஸ்ட் முடிவு வந்துச்சு. 1971ல லீஹை பல்கலைக்கழகத்துல ஆல்கார்ட், ஸ்லட்டர், ஃபிஷர் கொடுத்த ஃபார்முலா, ஸ்டட் பரப்புல பாதியைக் கான்கிரீட் பலமும் விறைப்பும் பெருக்கின ஸ்கொயர் ரூட்டால பெருக்குறது, இன்னும் ஏஐஎஸ்சியில அப்படியே ஓடிட்டு இருக்கு. மேல நான் போட்ட யூரோகோட் கணக்கும் அதோட தம்பிதான். ஸ்டட் இல்லாத வழியும் உண்டு, ஓட்டை போட்ட தட்டை நிமித்தி வெல்டு பண்ணி ஓட்டைக்குள்ள கான்கிரீட் ஓட விடுறது, பெர்ஃபோபாண்ட்னு பேரு, 1980கள்ல ஜெர்மனியில லியோன்ஹார்ட்டோட ஆபீஸ்ல இருந்து வெனிசுவேலாவுல ஒரு பாலத்துக்காக வந்தது.

கான்கிரீட் போட்டு முடிச்சப்புறம் ஒரு பீம்ல ஸ்டட் குறைவுன்னு தெரிய வந்தா? (கேட்டவர் ஏன் கேக்குறார்னு நான் கேக்கல)

பதறாம முதல்ல கணக்கு போடுங்க. இருக்குற ஸ்டட்டை வெச்சு எத்தனை சதவீத கனெக்‌ஷன் வருது, அது அந்த ஸ்பானோட குறைஞ்சபட்சத்துக்கு மேல இருக்கா, பலமும் தொய்வும் பாஸ் ஆகுதா. பாதி தடவை இதுலயே தப்பிச்சுடுவீங்க, ஏன்னா டிசைனர் முழு கனெக்‌ஷன் போட்டு வெச்சிருப்பார். குறைவு எந்தப் பாதியில இருக்குன்னும் பாருங்க, இடது பாதியில குறைஞ்சதை வலது பாதியில இருக்குற கூடுதல் ஸ்டட் ஈடு கட்டாது.

பாஸ் ஆகலன்னா ஸ்லாப்பையும் ஃபிளாஞ்சையும் சேத்து துளை போட்டு ஹை டென்சில் போல்ட் இறுக்கி கிரவுட் (இடைவெளியை நிரப்புற சிமெண்ட் கலவை) ஊத்தலாம். காம்போசிட்டா கட்டாத பழைய பாலத்தைப் பின்னாடி பலப்படுத்த இந்த வழியைத்தான் பயன்படுத்துறாங்க, நல்லாவும் உழைக்குது. துளை போடுறதுக்கு முன்னாடி கம்பி எங்க ஓடுதுன்னு ஸ்கேன் பண்ணிக்குங்க, ஃபிளாஞ்ச்ல ஓட்டை விழுறதால பீம் இழக்குற பரப்பையும் கணக்குல சேத்துக்குங்க. ஸ்லாப்பை அந்த வரிசையில மட்டும் உடைச்சு ஸ்டட் அடிச்சு திரும்ப கான்கிரீட் போடுறதும் உண்டு, ஆனா உடைக்கும்போது பக்கத்துல இருக்குற நல்ல ஸ்டட்டோட காலடி கான்கிரீட் ஆட்டம் காணும், எனக்கு அது பிடிக்காது.

ஸ்டட்டை ஃபேக்டரியிலயே அடிச்சு அனுப்பினா வெல்டு நல்லா வருமே, ஏன் சைட்ல உச்சி வெயில்ல அடிக்கிறாங்க? (ஃபேப்ரிகேஷன் யார்டு சூப்பர்வைசர்)

வெல்டு நல்லா வரும்ங்கறது உண்மைதான், பால கர்டர்ல ஃபேக்டரியில அடிக்கிறதும் உண்டு. கட்டடத்துல ரெண்டு சிக்கல். ஒண்ணு, முன்னாடியே ஸ்டட் நின்னா நீளமான டெக் ஷீட்டை பீம் மேல விரிச்சுப் போட முடியாது, ஒவ்வொரு பீம்லயும் துண்டாக்கணும் இல்ல ஓட்டை போடணும். ரெண்டாவது, எரெக்‌ஷன் பசங்க அந்த ஃபிளாஞ்ச் மேலதான் நடக்குறாங்க. ஒரு சாண் அகலத்துல, ரெண்டாள் மூணாள் உயரத்துக்கு மேல, 172 மிமீக்கு ஒரு ஸ்டட் காலை இடறினா என்ன ஆகும்? அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பைப் பாக்குற ஓஷா அமைப்போட, 2001ல வந்த ஸ்டீல் எரெக்‌ஷன் விதியில இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, டெக் ஷீட் போட்டு முடிச்சப்புறம்தான் மேல் ஃபிளாஞ்ச்ல நீட்டிக்கிட்டு நிக்குற ஷியர் கனெக்டரை அடிக்கணும், அடிக்கிறவங்களும் அந்த ஷீட் மேல நின்னுதான் அடிக்கணும்.